நெஞ்சும் படபடக்குது, மனசும் சரியில்லை: எந்த டாக்டரைப் பார்ப்பது?

படபடப்பு, தூக்கமில்லை, வயிற்றில் எப்போதும் ஒரு சங்கடம், கை கால் மரத்துப்போகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல். இதெல்லாம் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வந்தால் எங்கே போவது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நெய்யூரில் 1838லேயே மிஷன் மருத்துவம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கொஞ்ச தூரம் நடந்தால் இதயம், வயிறு, நரம்பு, எலும்பு என்று எல்லா போர்டும் கண்ணில் படும், யாருடைய கடிதமும் இல்லாமல் நேராகப் போய் டோக்கன் எடுக்கலாம். வசதிதான், ஆனால் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். நெஞ்சு அடிக்கிறது என்று இதய டாக்டரிடம் போனால் எக்கோ பார்த்துவிட்டு நார்மல் என்பார், வயிற்றுக்கு ஒருவர் எண்டோஸ்கோப்பி செய்து லேசான புண் என்று மாத்திரை எழுதுவார், மரத்துப்போவதற்கு இன்னொருவர் எம்ஆர்ஐ எழுதுவார், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்த பிறகு யாராவது ஒருவர் "உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கஷ்டப்படுகிற ஆளுக்கு அது பாதி திட்டு மாதிரிக் கேட்கும்.

நான் டாக்டர் இல்லை. வீட்டிலும் சொந்தத்திலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓபி வாசலில் உட்கார்ந்து பழகியவன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டது இது: முதலில் ஒரு பொது மருத்துவர், மொத்தக் கதையும் அவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும். மனநல மருத்துவரை வரிசையின் கடைசியில் நிறுத்தாதீர்கள். உடம்புக்கான சோதனை நடக்கும்போதே அவரையும் பார்க்கலாம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்த பிறகுதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தேர்ந்தெடுக்க நேரமில்லாத நிலைமைகள்

நெஞ்சில் அழுத்துகிற வலி, அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது என்றால் எந்த ஸ்பெஷலிஸ்ட் என்று யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று எரிச்சலாக, வாந்தியாக, அசதியாகவே வரலாம். நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான், "கேஸ்". சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். முதல் இசிஜி நார்மலாக இருந்தாலும் அதை வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், ரத்தத்தில் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பார்ப்பார்கள். அதுவரை பொறுமையாக அங்கேயே இருங்கள்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தொய்வது, பேச்சு குழறுவது பக்கவாதமாக இருக்கலாம், அதுவும் 108தான். அப்புறம் வயதானவர் நேற்றுவரை தெளிவாகப் பேசிவிட்டு இன்று ஆளே தெரியாமல் உளறினால் அதை மனநோய் என்றோ வயசுக் கோளாறு என்றோ முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் கிருமித்தொற்று, உப்புச்சத்து (சோடியம்) குறைவது, சர்க்கரை இறங்குவது இவையெல்லாம் ஒரே ராத்திரியில் அப்படிச் செய்யும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் சோடியம் இறங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

குழந்தை பெற்ற முதல் சில வாரங்களில் தாய் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் கூட வேண்டாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யார் சொன்னாலும் அப்படியே. அந்த ஆளைத் தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், தன்னை ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 108, இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி எண் 104ம் இருக்கிறது.

அவசரம் இல்லை என்றால், முதலில் யார்?

எம்.டி. பொது மருத்துவம் படித்தவர், அல்லது குடும்ப மருத்துவம் படித்தவர், அதுவும் இல்லையென்றால் பல வருடமாக உங்கள் வீட்டைத் தெரிந்த எம்.பி.பி.எஸ். டாக்டர். பெரிய பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் இரண்டு மூன்று முறை போகக்கூடிய தூரத்தில், கட்டக்கூடிய ஃபீஸில் இருந்தால் போதும். இந்த மாதிரிக் கலவையான தொந்தரவு ஒரே சந்திப்பில் பிடிபடாது.

அவர் என்ன பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். ரத்த அளவு, சர்க்கரை, சோடியம் பொட்டாசியம், கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச், தேவைப்பட்டால் பி12, ஒரு இசிஜி. இவ்வளவுதான் ஆரம்பம், எல்லாம் சாதாரண லேபிலேயே ஆகிவிடும். இதில் தைராய்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், எடை ஏறுவது, எதிலும் மனசு ஒட்டாமல் போவது. கூடினால் படபடப்பு, கைநடுக்கம், எடை இறங்குவது, நிலைகொள்ளாமை. பார்ப்பவர்களுக்கு முதலாவது மனச்சோர்வு போலவும் இரண்டாவது பதற்ற நோய் போலவும் தெரியும். ரத்தசோகையிலும் படியேறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதில் கால் எரிச்சல், மரப்பு, மறதி, மனத்தளர்ச்சி எல்லாமே வரும்.

இரண்டு சின்ன விஷயம். பி12 சோதனைக்கு முன்னால் மருந்துக்கடையில் "சத்து ஊசி" போட்டுக்கொண்டு போனால் அளவு கூடுதலாகக் காட்டும், குறை மறைந்துவிடும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அது தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்ட வைக்கும்.

ஒரு பக்கக் காகிதம்

டாக்டர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. அதில் பாதியை "எப்போ இருந்து?" "அது சரியா ஞாபகம் இல்ல டாக்டர்" என்று கழிக்க வேண்டாம். முந்தின நாள் ராத்திரி ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எது முதலில் வந்தது, எப்போது. எந்த நேரத்தில் கூடுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. தூக்கம், பசி, எடை, மாதவிலக்கு. இப்போது சாப்பிடுகிற எல்லா மருந்தும், மூச்சு இழுப்புக்கு எடுக்கும் மாத்திரையும் பம்பும் உட்பட, ஏனென்றால் டெரிஃபிலினும் சால்பூட்டமாலும் படபடப்பையும் நடுக்கத்தையும் கொடுக்கும். குடியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வரும் நடுக்கமும் பயமும் வேறு கதை, அதற்கு வைத்தியமே வேறு.

வேலையையும் எழுதுங்கள், இது ரொம்பப் பேர் விட்டுவிடுகிற இடம். ரப்பர் வெட்டப் போகிறவர் விடியும் முன்னே எழுந்திருப்பார், ராத்திரி வீட்டில் எல்லாரோடும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டுத் தாமதமாகப் படுப்பார், வருடக்கணக்கில் தூக்கம் போதாது, அந்தத் தூக்கக்குறையே தலைபாரமாகவும் எரிச்சலாகவும் வெளியே வரும். தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர், கணவன் கல்ஃபில் இருக்க மாமனார் மாமியாரோடு தனியாகச் சமாளிக்கிற பெண், கட்டிய வீட்டுக் கடனை நினைத்துப் படுக்கையில் புரள்கிறவர் என்று ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொன்றைச் சுமக்கிறது. ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் அடித்தது. நவம்பர் வந்தாலே நெஞ்சு அடைக்கிறது, காற்று பலமாக வீசினால் உறக்கம் போகிறது என்றிருந்தால் கடலோரத்து ஆட்கள் அதையும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முதல் வாக்கியத்திலேயே உடம்பையும் மனசையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "மூணு மாசமா நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர், கூடவே ஒண்ணுலயும் மனசு போகல, உறக்கமும் இல்ல." இப்படி ஆரம்பித்தால் அவர் இரண்டு பக்கமும் பார்ப்பார். வெறும் படபடப்பை மட்டும் சொன்னால் இதயத்தை மட்டும்தான் பார்ப்பார், அது அவர் தப்பில்லை.

எந்தத் தொந்தரவுக்கு எந்தப் பக்கம்

வலிக்கிற இடத்தைப் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறோம். எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதைப் பார்ப்பது அதைவிட நல்லது.

படபடப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறும்போது, வேலை செய்யும்போது வந்து உட்கார்ந்தால் அடங்குகிறதா, மயக்கம் போட்டு விழுகிறீர்களா, குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா? அப்படியானால் இதய மருத்துவர் முதலில். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸில், கூட்டத்தில், ராத்திரி படுத்த பிறகு திடீரென்று எழும்பி, சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், கை விரலெல்லாம் விறுவிறுத்து, செத்துவிடுவோம் என்ற பயம் வந்து, அரைமணி நேரத்துக்குள் தானாக அடங்குகிறதா? பேனிக் அட்டாக்காக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் தடவை வந்தால் இசிஜி எடுத்து இதயத்தைப் பார்த்துவிடுங்கள். அது சரி என்றான பிறகும் வாராவாரம் புதுப்புது இதய டாக்டரிடம் ஓடுவதில் பிரயோஜனம் இல்லை, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பேனிக்குக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, ரொம்பப் பேருக்குக் கேட்கவும் செய்யும்.

தலைசுற்றல் கட்டிலில் புரண்டு படுக்கும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடிகள் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கிற சமநிலைக் கோளாறு, காது மூக்கு தொண்டை டாக்டர் தலையை ஒரு முறையில் திருப்பியே சரிசெய்துவிடுவார். இதற்குப் போய் மூளை ஸ்கேன் எடுத்துவிட்டுப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்!

வயிறு. டென்ஷன் வந்தால் கழிப்பறைக்கு ஓடுவது, மலம் போனதும் வலி குறைவது, லீவு நாளில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது எரிச்சல் குடல் (ஐபிஎஸ்) என்ற தொந்தரவாக இருக்கலாம். பொது மருத்துவரே பார்ப்பார், சரிவரவில்லை என்றால் வயிறு குடல் நிபுணர். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து வலி எழுப்புவது, ஐம்பதை நெருங்கும்போது புதிதாகத் தொடங்குவது என்றிருந்தால் மனசு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நேராகக் குடல் நிபுணரிடம் போங்கள்.

வலிப்பு மாதிரி வருவது, நின்றபடியே சில நொடி வெறித்துப் பார்ப்பது, வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பி இனம்புரியாத பயம் வந்து போவது, அதுவும் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தால் நரம்பியல் நிபுணர். வீட்டில் யாராவது ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் அது வராது, நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ ரொம்ப உதவும். சின்ன வயதுப் பிள்ளை சில நாட்களுக்குள் ஆளே மாறி, பேச்சு தடுமாறி, கூடவே வலிப்பும் வந்தால் அது மூளையில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நாளைக் கடத்துவது ஆபத்து.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே ஆகி, திடீர் வெக்கை, ராத்திரி வியர்வை, படபடப்பு, அழுகை என்றால் மகளிர் மருத்துவரிடம் தொடங்குவது நல்லது. பிரசவம் முடிந்து ஒரு வருடத்துக்குள் சோர்வும் மனத்தளர்ச்சியும் வந்தால் தைராய்டும் மனசும் இரண்டையுமே பார்க்க வேண்டும், இரண்டுக்குமே அந்தக் காலத்தில் வாய்ப்பு அதிகம்.

இதில் எதிலும் சேராமல் உடம்பெல்லாம் வலி, ஒரு நாள் தோள், ஒரு நாள் இடுப்பு, விடிகாலையில் முழிப்பு, எதிலும் ஆசை இல்லாமை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் மனச்சோர்வா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம்மாட்கள் "மனசு கஷ்டமா இருக்கு" என்று டாக்டரிடம் சொல்வது அபூர்வம், "மேலெல்லாம் வேதனை" என்றுதான் சொல்வார்கள். அந்த வலி நடிப்பு கிடையாது, நிஜமாகவே வலிக்கிறது.

போர்டில் என்ன படிப்பு என்று பாருங்கள்

நரம்பு டாக்டர் என்று கேட்டுப் போனால் மூன்று விதமான ஆட்களிடம் போய்ச் சேரலாம். டி.எம். நரம்பியல் என்றால் மூளை நரம்பு நோய்கள். எம்.சிஎச். என்றால் அறுவை சிகிச்சை. எம்.டி. மனநலம் அல்லது டி.பி.எம். என்றால் மனநல மருத்துவர், மாத்திரை எழுத அதிகாரம் உள்ளவர். மருத்துவ உளவியலாளர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, மாத்திரை எழுத மாட்டார், பேச்சு வழி சிகிச்சை தருவார், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி "கவுன்சிலிங்" போர்டு வைத்திருப்பவர்களும் உண்டு. மனசு விட்டுப் பேச அவர்கள் போதும் என்று நினைத்தால் போங்கள், ஆனால் உறக்கமும் பசியும் போய்விட்ட நிலையில் அது போதாது.

மாவட்டத்தில் பணம் அதிகம் செலவில்லாமல் பார்க்க ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் வசதி. பொது மருத்துவமும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு எழுதித் தருவார்கள். காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள், கூட்டம் இருக்கும். தக்கலை, குழித்துறை, குளச்சல் பக்கத்து ஆட்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூலி வீண்.

திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனால் முதல் கட்டத்திலேயே ரயில் ஏற வேண்டாம். அங்கே இதயத்துக்கும் மூளை நரம்புக்கும் பேர்போன ஸ்ரீ சித்திரா போன்ற இடத்தில் புதிதாகப் பதிய வேறு டாக்டரின் பரிந்துரைக் கடிதமும் பழைய ரிப்போர்ட்டுகளும் வேண்டும், அது எல்லா நோய்க்குமான ஆஸ்பத்திரியும் இல்லை. இங்குள்ள டாக்டர் "இதை அங்கே காட்டுங்கள்" என்று எழுதித் தந்தால் போங்கள்.

வர்ம ஆசானையும், கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியையும், கோயில் நேர்ச்சையையும், ஜெபத்தையும் விட்டுவிடச் சொல்லி வீட்டில் சண்டை போடாதீர்கள். அந்தச் சண்டையில் நோயாளிக்குத்தான் கேடு. மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்க்கட்டும், மனசுக்கு ஆறுதல் கிடைக்கட்டும். மூன்று விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: நெஞ்சு வலிக்குத் தடவல் கிடையாது, ஓடுகிற மாத்திரையை யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, பெயர் எழுதாத பொடியை வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, ஸ்டீராய்டே தூக்கத்தைக் கெடுத்து மனசைக் குலைக்கும்.

இரண்டு டாக்டர் ஆன பிறகு

மனநல மாத்திரை என்றால் ஆயுசுக்கும் அடிமை என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை அந்த வகையில் போதை தருவதில்லை, ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில நாட்கள் குமட்டலும் கூடுதல் படபடப்பும் இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். பழக்கமாகக்கூடியது குளோனசிபாம், அல்பிரசோலாம் மாதிரி உடனே அமைதி தருகிற மாத்திரைகள். அவற்றை எத்தனை நாளைக்கு என்று முதல் நாளே கேளுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு கூட வரலாம், டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

எலும்பு டாக்டர் வலிக்கு டிரமடால் எழுதினால், நீங்கள் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லியாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒத்துப்போகாது. இதற்காகத்தான் தொடக்கத்திலேயே ஒரு பொது மருத்துவர் வேண்டும் என்றேன். எல்லாச் சீட்டையும் ஃபோனில் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள், யாரிடம் போய்வந்தாலும் அடுத்த முறை அவரிடம் காட்டிவிடுங்கள்.

ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் நியாயமானதுதான், கல்யாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் இன்னும் அதிகம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை டாக்டர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும், மற்ற நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, உங்கள் பாலிசியில் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரை எப்போது மாற்றலாம்? தலை நிமிராமல் எழுதுகிறார், தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, ஏன் இந்த மாத்திரை என்று கேட்டால் எரிச்சல்படுகிறார், போகும்போதெல்லாம் புது ஸ்கேன் எழுதுகிறார் என்றால் தாராளமாக மாற்றுங்கள். மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் குணம் தெரியவில்லை என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். மாற்றும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோனால் புதியவர் அதே சோதனையை முதலிலிருந்து எழுத மாட்டார், இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம்.